மீதி எழுபது

கூத்தாநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறித்
தஞ்சாவூர் வந்தால்
பிள்ளைகளுக்கு நூறு, பெரியவர்களுக்கு முப்பது.
பெரியவங்க பார்க்கலாம், தொடக்கூடாது
என்றாள் கவுன்ட்டர் பெண்.

சுமையா சுவர் பாதிக்கு நீலம் பூசிவிட்டாள்.
இர்ஃபான் களிமண்ணில் பஸ் பிடித்தான்.
நாலாவது சக்கரம் நிற்கவேயில்லை,
ஒரே அழுகை.

இவர் ஓரமாக நின்று போனைப் பார்த்தார்.
லீவு இன்னும் ஒன்பது நாள்.
பிறகு என்ன தோன்றியதோ,
கவுன்ட்டரில் போய் எழுபது ரூபாய் வைத்து
"சின்னப் பிள்ளைக் கணக்குல போட்டுக்குங்க" என்றார்.

ஏப்ரன் தொப்புள்வரைகூட எட்டவில்லை.

சக்கரம் நின்றது.
டிரைவர் சீட்டில் ஓர் ஆளையும் உருட்டி வைத்தார்.
அத்தா, மீசை? என்றான் இர்ஃபான்.
அதுவும் வந்தது.

நீடாமங்கலம் கேட்டில் முக்கால் மணி நேரம்.
பஸ்ஸே ரயிலைத் திட்டிக்கொண்டிருந்தது.
இவர் மட்டும்
நகக்கண் மண்ணைச் சுரண்டாமல்
வைத்துக்கொண்டிருந்தார்.