பத்தொன்பது மில்லிமீற்றர்

சோஸ்ட் நகரில் நாங்கள் வாங்கிய வீட்டில்
ஒரு மூலைகூடச் செங்கோணம் இல்லை.
விற்றவர் சொல்லவில்லை.
சொன்னவள் ஆரபி,
கண்ணாடிப் போளையொன்றைத் தரையில் வைத்துவிட்டு:
'அம்மா, நான் உருட்டவே இல்லை.'
அது குசினியைக் கடந்து
கிழக்கு யன்னலடியில் போய் நின்றது.
நானூறு வருசமாக இந்த வீட்டில்
எது விழுந்தாலும் அங்கேதான் போகும்போல.

பழங்கட்டடக் கந்தோரிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
உத்திரங்களின் கருமை அவளுடையது,
வெளிச்சுவரின் வெள்ளை அவளுடையது,
யன்னல் சட்டத்தின் பச்சையும்.
உள்ளே உங்கள் பாடு என்றாள்,
களிமண் பூச்சைத் தவிர,
படிக்கட்டைத் தவிர,
கதவுப் பிடிகளைத் தவிர.

மிச்சத்துக்கு நாங்கள் சண்டை பிடித்தோம்.

சயந்தனுக்கு வெள்ளை.
கடையில் அறுபத்திரண்டு வெள்ளை இருந்தது;
ஒன்றின் பெயர் நேற்றைய பால்.
எனக்கு மஞ்சள்.
சுவரில் அல்ல, அலுமாரியின் உட்புறம் மட்டும்,
கதவைத் திறந்தவருக்கு மட்டும்.
'பூட்டி வைக்கிற இடத்துக்கு என்னத்துக்கு நிறம்?'
மூன்று நாள் பேசவில்லை.
வர்ண அட்டைகளின் பின்புறம் எழுதி
குளிர்பெட்டியில் ஒட்டினோம்.
குசினிக்குச் சுவரே வேண்டாம், படங்களில் இல்லை,
என்று அவன் எழுதினான்.
படங்களில் ஒருவரும் சூடை பொரிப்பதில்லை
என்று நான்.
கடைசியில் கண்ணாடி வைத்தோம்:
மணம் இந்தப் பக்கம், வெளிச்சம் இரண்டு பக்கமும்.

தொழிற்சாலை அனுப்பிய அலுமாரிகள் நேராக நின்றன.
சுவர் பிடிகொடுக்கவில்லை.
இடையில் என் பெருவிரல் போய் வந்தது.
சுவரைத் திருத்துவீர்களா என்று
தச்சர் ஊப்ஹோவைக் கேட்டோம்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
பலகையைத் திருத்தலாம் என்றார்.
பென்சிலைச் சுவரோடு அணைத்து இழுக்க
சுவரின் வயிறும் பள்ளமும்
அப்படியே பலகையில் இறங்கின.
அறுத்துத் தள்ளினார்.
கன்னத்தோடு கன்னம்.

மேசை கடைசி.
ஓக் மரம், எட்டுப் பேருக்கு.
வெளிச்சம் கிழக்கு யன்னலடியில்தான்,
போளை போய் நிற்கிற அதே இடம்.
வைத்துப் பார்த்தால்
சொதி கோப்பையின் ஒரு கரைக்கு ஒதுங்குகிறது.

யன்னல் மூலைக் கால் முழுசாக.
மற்ற மூன்றிலும்
எட்டு, பதினொன்று, பத்தொன்பது மில்லிமீற்றர் குறைய வேண்டும்.
அட்டை மடித்து வைத்தால் போதாதா என்று
எனக்கு வாய் வந்தது.
பதினொரு வாடகை வீடுகள் அப்படித்தான் போயின:
கழற்றிப் பூட்டுகிற கட்டில், கழற்றிப் பூட்டுகிற கதிரை,
ஒரு பையில் திருகாணிகள்,
ஆடுகிற காலுக்குப் பீட்சாப் பெட்டியில் ஒரு துண்டு.
ஹாமிலும் நின்றது, டோர்ட்முண்டிலும் நின்றது,
எங்கேயும் நிற்கும் எல்லாம்.

ஊப்ஹோவ் வாளோடு குனிந்தவர் நிமிர்ந்தார்.
'அறுத்தால் இது வேறெந்த வீட்டிலும்
நேராக நிற்காது. தெரியும்தானே?'

சயந்தன் என்னைப் பார்த்தான்.
நான் திறந்து கிடந்த அலுமாரியைப் பார்த்தேன்.
மஞ்சள் இன்னும் காயவில்லை.
'அறுங்கோ' என்றேன், தமிழில்.
அவருக்கு விளங்கியது.

இரவு ஆரபி போளையை மேசைமேல் வைத்தாள்.
நின்றது.
நம்பாமல் ஊதினாள்.
கொஞ்சம் அசைந்து, நின்றது.
கீழே தரை
தன்பாட்டில் சரிந்துகொண்டிருந்தது.