தண்ணீர்க் கணக்கு

ஏப்ரல் பதினொன்று, காலை ஆறு ஐம்பது.
எடைமேடையில் ஒரு வீடு நிற்கிறது.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நான்
முதலில் அதன் சமையலறை ஜன்னலைத்தான் பார்த்தேன்,
பிறகுதான் சக்கரங்களை.

அகலம் பத்து மீட்டர். அனுமதிச் சீட்டிலும் அதே.
உயரத்துக்கு மின்வாரியத்தின் கையெழுத்து இருக்கிறது.
சூரியன் எழுந்தபின் கிளம்பி விழுமுன் நிற்க வேண்டும்,
காற்று நாற்பதைத் தாண்டினால் ஒதுங்க வேண்டும்,
முன்னால் ஒன்று பின்னால் ஒன்று மஞ்சள் விளக்கு வண்டி.
எல்லாம் சரி.
எடைதான்
இரண்டாயிரத்து நூற்று அறுபது கிலோ கூடுதல்.

"இருக்கவே இருக்காது" என்றார் வாசில் ஹிரின்சுக்.
சஸ்காச்சுவான் முழுக்க முப்பது வருஷமாக வீடு இழுப்பவர்.
"காலி வீடு. அடுப்பைக்கூடக் கழற்றிவிட்டோம்."
இறக்கி மறுபடி ஏற்றினோம், அச்சு அச்சாக.
சிவப்பு எண்களோடு பேரம் பேச முடியாது;
ஆகவே என்னோடு பேசினார்.

ஏணி வைத்து உள்ளே போனேன்.
எந்த வீட்டுக்குள்ளும் நான் இப்படி
டார்ச்சோடும் எழுதும் அட்டையோடும் போனதில்லை.
அலமாரிகள் காலி. குளியலறையில் பாதி சோப்பு.
கூடத்துக் கம்பளத்தை மிதித்தேன்,
காலணி ஓரத்தில் தண்ணீர் கசிந்தது.
பரண் பலகையைத் தள்ளினால்
குளிர் தாங்க அடைத்த பஞ்செல்லாம்
நனைந்த செம்மறிகளாய் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன.

கம்பிகளுக்குக் கீழே நுழைய வேண்டுமென்று
கூரையின் முகட்டை வெட்டியெடுத்திருந்தார்கள்.
உயரத்தின் சட்டத்துக்கு வீடு தலைகுனிந்தது.
தார்ப்பாய் கிழிந்த அந்த வழியில்
மூன்று நாள் மழை இறங்கி
எடையின் சட்டத்தை மீறியது.

படிவத்தில் ஒரு கட்டம்: கூடுதல் சரக்கின் வகை.
தண்ணீர் என்று எழுதினேன்.

வீட்டுக்காரி ஒடீல் கோத்ரி
பின்னாலேயே சிறுலாரியில் வந்திருந்தாள்,
சாவிக்கொத்து இன்னும் கையில்.
"மழைக்கா அபராதம்?"
பனி உருகும் மாதம் இது என்றேன்.
மேலே தார், அடியில் கூழ்.
அச்சில் சுமை இரட்டித்தால்
சேதம் இரட்டிப்பதில்லை, ஏறக்குறைய பதினாறு மடங்கு.
"அந்தத் தாரில் என் வரியும் இருக்கிறது."
"அதற்காகத்தான்" என்றேன்.
அவள் என்னை முறைத்தாள். பிறகு
வீட்டின் எல்லா ஜன்னல்களையும் திறக்கப் போனாள்.

நான்கு மணி நேரத்துக்குமேல் நிறுத்தக்கூடாதென்பது விதி.
விதிவிலக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்,
அலுவலக மின்விசிறியையும் கொடுத்தேன்.
அதற்குப் படிவம் கிடையாது.

மசூர்ப் பருப்பு லாரிகள் வந்தன, போயின.
ஓர் ஓட்டுநர் வீட்டுக் கதவைத் தட்டி
காபி கிடைக்குமா என்று கேட்டான்.
இருந்தது. ஒடீல் பிளாஸ்கிலிருந்து ஊற்றினாள்.
வாசில் பஞ்சை மூட்டை மூட்டையாக இறக்கினார்,
ஒவ்வொன்றையும் பிழிந்து திட்டியபடி, உக்ரைனிய மொழியில்.
மாலையில் எடை போட்டோம்: ஆயிரத்து முந்நூறு கூடுதல்.
மறுநாள் காலை எழுநூறு.
மாலை முந்நூற்று இருபது.
வடமேற்குக் காற்று
ஒரு கதவால் நுழைந்து மறுகதவால் வெளியேறிக்கொண்டிருந்தது.
அதற்கும் அகலம் உண்டு, அனுமதி கேட்பதில்லை.

பதின்மூன்றாம் தேதி, நாற்பது கிலோ.
நாற்பதுதானே என்று யாரும் சொல்லவில்லை;
நான் சொல்லிவிடுவேனோ என்று
நானே பயந்திருந்தேன்.
வாசில் உபரிச் சக்கரத்தை அவிழ்த்து
முன்வண்டிக்கு உருட்டினார்.
எண் கருப்பானது.

வீடு கிளம்பியது,
திரைச்சீலை ஒன்று மறந்துபோய் வெளியே ஆடியது.
அகலத்தில் அதைச் சேர்க்க வேண்டுமா என்று
ஒரு நொடி யோசித்தேன்.

மேடை காலி.
எண் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை, இருபதில் நிற்கிறது.
பள்ளத்தில் வீட்டின் வடிவத்தில் ஒரு குட்டை.
அடுத்த லாரி ஹாரன் அடிக்கிறது.
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு
நான் போகிறேன்.