இருபது நிமிட நம்பர்

வீட்டின் ஒரே நம்பர்
சதாகரன் அண்ணாவின் சட்டைப்பையில்.
ஆர், எதுக்கு, எவ்வளவு
மூன்றையும் கேட்டு முடித்துத்தான்
ஆறு இலக்கம் சொல்லுவார்.
அதற்குள் கோட் செத்துப்போகும்.

என்னிடம் இருப்பது சிம் இல்லாத டெப்,
கீழே பார்மசிக்காரர் கொடுத்த வைஃபை.

இன்றிரவு
துறைநீலாவணை டிலக்சனாவின் கார்டில்
எண்பத்தைந்து ரூபாய்க்கு
லத்வியா நம்பர் ஒன்று வாடகைக்கு எடுத்தேன்.
லத்வியா எந்தப் பக்கம் எண்டு கேட்டால்
கடல்பக்கம் கைகாட்டுவேன்.
கழுவாஞ்சிகுடியில்
தூரமெல்லாம் அங்கால்தான்.

நம்பருக்குக் காது மட்டும். வாய் இல்லை.

முதலில் வந்தது எனக்கில்லை.
மொழிபெயர்த்துப் பார்த்தேன்:
இல்சே, உங்கள் கண்ணாடி தயார்,
ஆறு மணிக்குள் வாருங்கள்.

எனக்கு முதல் இதில் குடியிருந்தவள்.
கண்ணாடிக் கடைக்குச் சொல்லாமல்
வெளிக்கிட்டுப் போயிருக்கிறாள்.
எங்கேயோ
உலகம் மங்கலாய் நிற்கும் அவளுக்கு.
பதில் அனுப்ப வழியில்லை.

கரண்ட் போனது.
வைஃபையும் அதோடு.
இருட்டில்
வாடகை மட்டும் ஓடியது.

மூன்று நிமிடம் மிச்சத்தில்
நான்கு சைபர் ஒன்பது ஒன்று ஒன்று ஏழு.
நானே எனக்குச் சொன்னேன்,
ஒரு கேள்வியும் கேட்காமல்.
முன்னறையில் அண்ணா
செய்திக்குச் சத்தம் கூட்டினார்.

முதல் வேலை:
படத்தில் உள்ள வண்டிகளைச் சுற்றிப்
பெட்டி கீறவேண்டும். படத்துக்கு இவ்வளவு சதம்.
பதினோராவது படத்தில் மழைத் தெரு,
கண்ணைச் சுருக்கிக்கொண்டு
ஒருத்தி வீதி கடக்கிறாள்.

அவள் வண்டியில்லை.
பெட்டி கீறாமல் விட்டேன்.
அடுத்த படத்துக்குப் போகக்
கொஞ்சம் சுணங்கியது.