கழிவு போக

நான் வாங்கியது அலமாரி. புத்தகமல்ல.
பெரோன் ஊரின் பழம்பொருள் சந்தையில்
கதவு சாத்தாத ஓர் ஓக் அலமாரி.
அடித்தட்டில் பதினேழு தடித்த நாவல்கள்.
விற்றவனுக்கு இறக்கிவைக்கச் சோம்பல்:
"அதையும் சேர்த்தே கொண்டுபோங்க, மதாம்."
பிரெஞ்சு இலக்கியம் என் வீட்டுக்குள் வந்தது
ஆடும் காலுக்கு வைத்த கட்டையைப்போல.

செப்டம்பர் முதல் ஜனவரி வரை
சர்க்கரை ஆலை வாசலில் எனக்கு எடைமேடை.
பீட் கிழங்கோடு லாரி ஏறும், எண் எரியும்,
சீட்டைக் கிழிப்பேன், லாரி இறங்கும்.
ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவில்
மூன்று பக்கம். மழையென்றால் ஐந்து.
சில தாள்கள் அச்சகத்தை விட்டு வந்ததிலிருந்து
வெட்டப்படாமல் மடிந்தே கிடந்தன.
ரொட்டிக் கத்தியால் பிளந்தேன்.
நூறு வருடத்துக்கு மேலாக மூடிக் கிடந்த அத்தியாயத்துக்குள்
முதலில் நுழைந்தவள் நான்,
வெண்ணெய்க் கையோடு.

என்ன படித்தாய் என்றால் பெயர்கள் நிற்கவில்லை.
பிரபுக்களுக்கு ஆளுக்கு நான்கு,
கடன் கொடுத்தவனுக்கு மட்டும் ஒன்று.
வருமானங்கள் நினைவிருக்கின்றன:
அத்தைக்கு ஆண்டுக்கு ஆறாயிரம்,
மருமகனுக்கு அந்த அத்தை.
ஒருவரும் சம்பளம் வாங்கி நான் பார்க்கவில்லை.

ஒருவன் காதலைச் சொல்ல மாடிப்படி ஏறினான்.
கைப்பிடிக் கம்பிக்குப் பதினொரு வரி,
கம்பளத்துக்கு ஒன்றேகால் பக்கம்.
ஆறு லாரி நிறுத்தாயிற்று,
அவன் இரண்டாம் மாடியில் மூச்சு வாங்குகிறான்.

லாரிக்காரன் த்யெரி வாசிலெவ்ஸ்கி
கண்ணாடியை இறக்கிக் கேட்பான்: "ஏறிட்டானா?"
"இல்ல."
"என்ன ஆளுய்யா அவன்!"
அடுத்த நடையில் மறுபடி கேட்பான்.
மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறான்போல.
டிசம்பருக்குள் பன்னிரண்டு லாரிக்காரர்கள்
அந்தப் படிக்கட்டில் வரிசையில் நின்றார்கள்.
கதவு திறந்தது.
அவள் ஊரில் இல்லை.
அன்றைக்கு த்யெரி ஆலையைத் தாண்டும்வரை
ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

தொழில் புத்தி கணக்குப் போட்டது.
மொத்த எடையில் வண்டி எடை போகும்,
அப்புறம் கிழங்கில் ஒட்டிய மண் போகும்,
மிச்சத்துக்குத்தான் காசு.
திரைச்சீலை, நாற்காலி, சூப்,
யாரோ ஒரு சீமாட்டியின் கையுறை
எல்லாவற்றையும் மண் என்று தட்டிவிட்டுப் பார்த்தேன்.
மிச்சம்:
ஒருவன் போனான். அவள் இல்லை.

இது என் தங்கை ஸொலாஞ்ஜுக்கே நடந்தது,
லீல் ரயில் நிலையத்தில், ஒரு பிப்ரவரியில்.
சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.
நானும் "சரி, விடு" என்றேன்.

பதினான்காவது புத்தகத்தில்
ஒருவன் பாரிஸிலிருந்து குதிரை வண்டியில் வடக்கே கிளம்பினான்.
எங்கள் சமவெளி வழியாகத்தான் போயாக வேண்டும்.
நிமிர்ந்து உட்கார்ந்தேன், போட்டோவுக்கு உட்காருவதுபோல.
அவன் தூங்கிப்போனான்.
விழித்தபோது எல்லை வந்துவிட்டது.

அறுநூறு பக்கத்தில் எங்களுக்கு ஒரு குறட்டை!

பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்:
பனி மூட்டம். சேறு பூட்ஸை விடாத நாள்.
வயலில் ஒருத்தி நிமிர்ந்து வண்டியைப் பார்த்தாள்.
மூக்கு ஒழுகியது, புறங்கையால் துடைத்தாள்.
அவளுக்கு இடது முழங்காலில் வலி.
இடம் போதவில்லை.
எடைச்சீட்டின் பின்பக்கத்தில் தொடர்ந்தேன்,
வெளியே ஏழு லாரி காத்திருக்க.

ராத்திரி ஸொலாஞ்ஜைக் கூப்பிட்டேன்.
"அன்னிக்கு லீல்ல என்ன கோட்டு போட்டிருந்தே?"
ரொம்ப நேரம் சத்தமில்லை.
தண்ணீர்க் குழாயை மூடுவது கேட்டது.
"பச்சை. மேல் பட்டன் இல்லாதது. ஏன்?"
"கடிகாரம்?"
"இரு," என்றாள்,
"நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிறேன்."