இடது கண்ணை மூடுகிறவள்

நூறடி ரோட்டில் இரண்டாவது மாடி.
படிவத்தில் எழுதினேன்:
தெரேஸ் மங்களம், ஐம்பத்து மூன்று,
தொழில் போட்டோ எடுப்பது.
வந்த காரணம் என்ற கட்டத்தை
வெறுமனே விட்டுவிட்டேன்.

டாக்டர் நிலோஃபர் கையில் ஊதா மைப் பேனா.
என் தாடைக்குக் கீழே ஒரு கோடு இழுத்து
காதுக்கு முன்னால் ஏற்றி
காதுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார்,
ரவிக்கைத் துணியில் டெய்லர்
வெட்டுவதற்கு முன் போடுகிற கோடு மாதிரி.

முப்பத்தொரு வருஷமாக
ஊர் முகங்களுக்கு நான் செய்வதுதான் இது.
நேரு வீதியில்
செருப்புக்கடைக்கும் வெள்ளிக்கடைக்கும் நடுவில்
ஒன்பதுக்குப் பன்னிரண்டு ஸ்டூடியோ.
கல்யாணப் பெண்ணின் பரு,
மாப்பிள்ளையின் இரட்டைத் தாடை,
அறுபதாம் கல்யாணத்து அப்பாவின் கண்பை,
எல்லாம் மவுஸ் நுனியில் கரையும்.
தப்பாகிப் போனால்
ஒரு அழுத்தில் பழைய முகம் திரும்பி வரும்.

"இதில் அது கிடையாது" என்றார் டாக்டர்,
நான் கேட்பதற்கு முன்பே.

ஊசி என்றால் பத்து நிமிஷம்,
அன்றைக்கே போய்க் கடை திறக்கலாம்.
நாலைந்து மாதம் நிற்கும்,
தீர்ந்ததும் திரும்பப் போட வேண்டும்.
போன் ரீசார்ஜ் மாதிரியா என்றேன்.
அவர் வாய் சிரித்தது.
கண்ணோரம் சிரிக்கவில்லை.

கத்தி என்றால் மயக்க மருந்து,
தலையைச் சுற்றிக் கட்டு,
இரண்டு வாரம் வீங்கிய முகத்தோடு வீட்டுக்குள்.
நரம்பில் பட்டால் உதடு கோணலாம்,
அபூர்வம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.
பத்து வருஷம் போல தாங்கும்.
"அந்தப் பத்து வருஷமும்
வயசு ஆகிக்கொண்டேதான் இருக்கும் மேடம்."

இரண்டு விலையையும் தாளில் எழுதித் தள்ளினார்.
ஒன்று, நல்ல லென்ஸ்.
மற்றது, கடைக்கு நான் கொடுத்த அட்வான்ஸ்.

புருஷனுக்காகவா என்று கேட்பார்கள்.
அவர் போய் ஒன்பது வருஷம்.
நான் வந்தது ஒரு பாஸ்போர்ட் படத்தால்.
போன மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது,
உதவிக்கு நிற்கிற கஸ்பார்தான் எடுத்தான்.
பாஸ்போர்ட் படத்தில் கை வைக்கக் கூடாது.
பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு வருகிறவர்களிடம்
சிரிக்காதீங்க மதாம், சிரிக்காதீங்க முசே என்று
நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.
சிரிக்காத முகத்தில்தான்
பூமி இழுப்பது தெரியும்.
திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்:
என் கழுத்தில் யாரோ
ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார்கள்.

"தொங்கிய கழுத்தை ஊசி தூக்காது.
போட்டால் காசு எனக்கு, கழுத்து உங்களுக்கு."
அந்த ஒரு வாக்கியத்தில்
அவரை நம்பத் தொடங்கினேன்.

பிறகு பேனா நின்றது.
"இடது கண்ணோரம் மட்டும் ஏன் இவ்வளவு கோடு?
வலது பக்கம் பாதிகூட இல்லையே."
எனக்கே தெரியாது.
கை தன்னால் எழுந்து
இல்லாத கேமராவை முகத்தில் வைத்தது.
வலது கண் பார்த்தது,
இடது கண் சுருங்கி மூடியது.
"ஓ" என்றார்.
ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் தடவை,
வருஷத்துக்கு நாற்பது கல்யாணம்.
கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

"இது ஊசிக்குச் சுலபம். தசையைக் கட்டிவிடும்."
"கண்ணை இறுக்கி மூட வருமா?"
"முன்போல வராது."
"அப்போ அது இருக்கட்டும்.
கழுத்துக்குக் கத்தி."
சொன்ன பிறகுதான்
சொன்னது நான் என்று தெரிந்தது.
கை குளிர்ந்து போயிருந்தது.

தேதி கேட்டார்.
ஆடியில் என்றேன்.
ஆடியில் கல்யாணம் இல்லை,
கடை ஈ ஓட்டும்,
முகம் வீங்கிக் கிடக்கத் தோதான மாதம்.
அதற்குள் மனசு மாறினால்?
"முன்பணம் திரும்பத் தருவோம்" என்றார்.
அந்தத் திரும்பும் பொத்தான் மட்டும்
ஆடி வரைக்கும் இருக்கிறது.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும்
ஊதாக் கோடு முழுசாகப் போகவில்லை.
கடையில் விசாவுக்கு ஒரு பையன் காத்திருந்தான்.
கழுத்துல என்னக்கா, இங்க்கா?
"அளவு கொடுத்துட்டு வரேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தான்.
தாடையைக் கொஞ்சம் தூக்குப்பா என்றேன்.
இடது கண்ணை மூடினேன்.