நான்காவது ஆணி

பலகையில் மூன்று ஆணிகள்தான் இருந்தன.
மூன்று தகடு தொங்கும் அளவுக்கே
இந்தச் செம்புச் சுரங்கத்தின் நல்லகாலத்தை
யாரோ கணித்திருந்தார்கள்.

காலை ஐந்தே முக்காலுக்கு நான் எண்ணை மாற்றுவேன்.
அது என் வேலைகளில் ஒன்று.
'விபத்தில்லா நாட்கள்' என்ற பச்சை எழுத்துக்குக் கீழே.
ஆறைத் தலைகீழாக்கினால் ஒன்பது,
ஒரு தகடு மிச்சம்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பதாம் நாள்
தச்சர் லுபிண்டா ஏணியில் நின்று
நான்காவது ஆணியை அடித்துக்கொண்டிருந்தார்.
விடிந்தால் ஆயிரம்.
ஆயிரத்துக்கு ஆளுக்கொரு பனியன், உறைந்த கோழி ஒன்று,
லுசாகாவிலிருந்து வருகிறவர் கை குலுக்குவார்.
சுத்தியல் சத்தத்துக்குள்
கூண்டு மணி அடித்ததை
முதலில் யாரும் தனியாகக் கேட்கவில்லை.

கூரை இறங்கியிருந்தது.
பதிவேட்டில் அப்படித்தான் எழுதுவோம்,
மாடியிலிருந்து மாமனார் இறங்கி வந்ததுபோல.
கீழே நின்றவன் கடோங்கோ.
கூரைப் பாறைக்கு இரும்பு முளை அறைபவன்.
அவன் அறைந்து முடித்த இடமெல்லாம் அப்படியே நின்றது.
அடுத்த முளை கையில் இருந்தது.

மாலைக் கூட்டத்தில் இரண்டு கேள்விகள்.

அவன் யாருடைய ஆள்?
வில்லைப் பலகையைப் பார்த்து வரச் சொன்னார்கள்.
எங்கள் ஆட்களுக்குப் பித்தளை வில்லை,
ஒப்பந்தக்காரர் ஆட்களுக்கு மஞ்சள் பிளாஸ்டிக்.
நானூற்றுப் பதினெட்டின் கொக்கி காலி.
கொக்கிக்கு மேலே மஞ்சள் கோடு.
போய்ச் சொன்னேன்: மஞ்சள்.
அறையில் ஒருவர் மூச்சை விட்டார்.
அதை நிம்மதி என்று எழுத எனக்கு அதிகாரமில்லை.

எங்கே உயிர் போனது?
கிட்வே சாலையில், ஆம்புலன்சில்,
கரி மூட்டை விற்கிறவர்களைத் தாண்டி.
சாலை எங்கள் வேலிக்கு வெளியே.

ஆக, மஞ்சள் அவனை ஒருமுறை கழித்தது,
சாலை இன்னொரு முறை.
ஒரே ஆளை இரண்டு தரம் கழித்தால்
கணக்கில் ஒருவர் கூடுதலாகக் குறைவாரே,
அந்த இன்னொருவன் யார்?
இரவெல்லாம் போட்டுப் பார்த்தேன்.
காலையில் கூண்டுக்கு வரிசை நின்றபோது
முகங்களைப் பார்க்காமல் கடந்தேன்.

ஐந்தே முக்கால்.
ஒன்று, பூச்சியம், பூச்சியம்.
மூன்றாவது பூச்சியத்துக்குத் தகடில்லை.
பெயின்ட் டப்பா மூடியொன்றை வெள்ளையடித்து
கறுப்பில் வட்டம் போட்டு நூறின் இடத்தில் மாட்டினேன்.
காயவில்லை அது.
என் கட்டைவிரல் பதிந்துவிட்டது.

பத்து மணிக்குக் கசூபா வந்தாள், கடோங்கோவின் மனைவி.
துக்க வீட்டில் ஆண்கள் வெளியே தணல் மூட்டி உட்கார்ந்திருக்க,
இவள் படிவத்தோடு இரண்டு மினிபஸ் மாறி வந்திருக்கிறாள்.
வாசலில் காவலாளி வரிசையோடு சேர்த்து எண்ணி
அவள் கையிலும் ஒரு பனியனைக் கொடுத்துவிட்டான்,
நெஞ்சில் 'ஆயிரம்' என்று அச்சடித்தது.
அதை மடியில் மடித்து வைத்துக்கொண்டாள்.
"எனக்குப் பெரிசு" என்றாள்.
"அவருக்குச் சரியா இருந்திருக்கும்."

படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி: விபத்து நடந்த இடம்.
வெளியே கைதட்டல் கேட்டது.
எண்ணூற்று எழுபது மீட்டர் தளம், வடக்கு வெட்டு
என்று எழுதினேன்.
என் கையெழுத்தில் அந்த ஒரு தாளில் மட்டும்தான் அது உள்ளது.
முத்திரை கேட்டாள்.
முத்திரைப் பெட்டியின் சாவி என்னிடம் இல்லை.
முத்திரையில்லாமலே கைப்பைக்குள் வைத்தாள்.

இன்று ஆயிரத்து நாற்பத்தொன்று.
நான்காவது ஆணி ஆடுகிறது.
லுபிண்டாவிடம் சொன்னேன்,
பச்சை மரம், பிடிக்காது என்கிறார்.
நூறின் இடத்தில் இன்னும் அந்த டப்பா மூடிதான்.
சாலையிலிருந்து பார்த்தால் வெறும் பூச்சியம்.
கிட்ட நின்றால்
ரேகை தெரியும்.