தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம்

காலை ஐந்தே கால்.
முதல் கேன் ஒச்சம்மாளுடையது.
லாக்டோமீட்டர் இருபத்து மூன்றில் நிற்கிறது.
"ராத்திரி மழையில மாடு நனைஞ்சிருச்சு" என்கிறாள்.
மாடு நனைந்தால் மடிக்குள் தண்ணீர் ஏறுமா
என்று நான் கேட்கவில்லை.
இருபத்து மூன்று என்று எழுதுகிறேன்.
அவளும் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான்
கையெழுத்துப் போடுகிறாள்.

எண்பத்திரண்டு வீடு, நாற்பது கறவை,
ஒரு தராசு.
மதுரைக்கு முப்பது கிலோமீட்டர்,
தரைப்பாலம் கண்ணுக்குத் தெரிகிற நாட்களில்.
தெரியாத நாட்களில் எவ்வளவு என்று
யாரும் அளக்கவில்லை.

அணை திறந்தால் வயலுக்குக் கல்யாணம்.
அதே தண்ணீர்தான்
பாலத்தின்மேல் முழங்கால் உயரம் ஓடுகிறது.
வேன்காரர் அக்கரையில் நின்று
ரெண்டு ஹாரன் அடிப்பார்,
கையை விரிப்பார், திரும்பிவிடுவார்.
நாற்று நிமிரும், பால் திரியும்.
ஒரே ஆறு, ஒரே நாள்.
சந்தோஷமா வருத்தமா என்று எழுத
என் நோட்டில் கட்டம் இல்லை.

போன ஐப்பசியில் மாயழகு
அறுபது கட்டு வாழையிலையை
டிராக்டர் டியூபில் ஏற்றி இழுத்துப் போனான்.
கரையேறியது ஐம்பத்தொன்று.
கிழியாதது முப்பது.
முப்பதுக்கும் கிழிசல் விலைதான் கிடைத்தது.
"மீனுக்கெல்லாம் பந்தி வச்சுட்டு வாரேன்" என்றான்,
வேட்டியைப் பிழிந்துகொண்டே.

மாசியில் மூன்று பேர் வந்தார்கள்.
முக்காலி நட்டு
ஒற்றைக் கண்ணால் ஆற்றைப் பார்த்தார்கள்.
மூன்று சொம்பு மோர் குடித்தார்கள்.
மொக்கைச்சாமியின் வரப்புக் கல்லில்
சிவப்புப் பெயிண்டில் 14 என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

பதினான்கு என்றால்?
தூணா, அடியா, வருஷமா?
"வருஷம்னாகூடப் பரவாயில்லை" என்றாள் விருமாயி,
மருமகள் வயிற்றைப் பார்த்தபடி.
"ஒன்பதாங் கிளாசுக்கு அது நனையாமப் போகும்."

எங்களுக்கு அர்த்தம் தெரிவதற்குள்
புரோக்கருக்குத் தெரிந்துவிட்டது.
ஆத்தோர நிலம் சென்டு என்ன விலை என்று
பால் வாங்க வந்தவர்போல் என்னிடமே கேட்டார்.
பால் என்ன விலை என்று சொன்னேன்.
அந்தக் கல்லை இப்போது
வைக்கோல்போர்த் தார்ப்பாய் பறக்காமல் இருக்க
மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள்.
எண் வானத்தைப் பார்க்கிறது.

இன்றைக்கு ஆறரைக்கு ஆறு ஏறியது.
ரெண்டு ஹாரன். விரித்த கை.
நூற்று அறுபத்து மூன்று லிட்டர்
என் முன்னால் மூச்சு விடுகிறது.

"ஊத்தணும்னா ஆறு இருக்கு" என்றது ஒரு குரல்.
"அடுப்பும் இருக்கு" என்றாள் ஜெயக்கொடி.
சாவடியிலிருந்து கல்யாண அண்டா ரெண்டு வந்தது,
தென்னமட்டை வந்தது,
ரேஷன் சீனி மடி மடியாக வந்தது.
துடுப்புக்குப் பதில்
மாயழகின் மண்வெட்டிக் கணை, புதுசு,
இன்னும் இரும்பு மாட்டாதது.

மதியம் ஒரு மணிக்கு
ஊர் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை.
மாப்பிள்ளை மட்டும் இல்லை.
முதல் அண்டா சுண்டி, உருண்டு, திரட்டுப்பாலாகிவிட்டது.
இரண்டாவதில்
ஒச்சம்மாளின் கேனைக் கடைசியாக ஊற்றியிருந்தோம்.
கிண்டுகிறோம், கிண்டுகிறோம்.
கை மாற்றிக் கிண்டுகிறோம்.
ஆவி போகிறது, பால் போகவில்லை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.
அவள் அடுப்பைப் பார்த்தாள்.
"அன்னைக்கே சொன்னேனே" என்றாள்.
"மாடு நனைஞ்சிருச்சுன்னு."
"இன்னைக்குக் காலையிலதான் சொன்னே" என்றேன்.
சிரித்ததில் விருமாயி மருமகள்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இருபத்தெட்டு கிலோ.
அக்கரையில் யார் வாங்குவார்கள்,
தண்ணீர் என்றைக்கு வடியும், தெரியாது.
ஸ்கேல் வைத்து
நோட்டின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்.
கோடு கொஞ்சம் கோணல்.
பேனாவில் பிசுக்கு.
கிலோ என்ன விலைன்னு போடட்டும் என்று கேட்டால்
ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.